ஓர் உழவனின் மறுப்பு

1938-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள். ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவினுள் புகுந்து ஒரு திங்கள் நிறைவுற்றிருந்தது. நாட்டை ஜெர்மனியுடன் இணைத்துக் கொண்டதற்கு மக்களின் ஒப்புதலைப் பெறுவதாகக் கூறி, அன்று ஒரு வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. ஆஸ்திரியாவின் மேற்கெல்லையில், ஸால்ஸாக் ஆற்றினருகே அமைந்துள்ள ராடெகுண்ட் என்னும் சிற்றூரிலும் வாக்குகள் எண்ணப்பட்டன. ஒரே ஒருவர் மட்டும் 'வேண்டாம்' என்று வாக்களித்திருந்தார். ஆனால், அவ்வூரார் மேலிடத்துக்கு அனுப்பிய கணக்கில் அந்த ஒற்றை வாக்கு இடம்பெறவில்லை. ஊர் முழுவதும் ஒருமனதாக இசைந்தது என்றே எழுதி அனுப்பினர்.

அவ்வொற்றை வாக்குக்கு உரியவர் ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர் என்னும் உழவர். கல்லூரி வாசலை மிதித்தவரல்லர். எந்த அரசியல் கட்சியையும் சார்ந்தவரல்லர். கணக்கில் ஏறாத அந்த வாக்கைப் போலவே அவருடைய வாழ்வும் நெடுங்காலம் கணக்கில் ஏறாதிருந்தது. எனினும், போர் குறித்தும் தற்காப்புக் குறித்தும் கத்தோலிக்கத் திருச்சபை ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாகப் பேணி வந்த போதனையை உரைத்துப் பார்க்கும் கல்லாக அவ்வுழவரின் வாழ்வு அமைந்தது. எவ்வாறு என்பதை விளங்கிக் கொள்ள வேண்டுமாயின், முதலில் அப்போதனையின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிக் காண்பது இன்றியமையாதது.

வட ஆப்பிரிக்காவில் தொடங்கிய வழக்கு

கி.பி. 295-ஆம் ஆண்டு. இன்று அல்ஜீரியாவில் 'தபஸ்ஸா' என வழங்கும் நகரில், ரோமாபுரிப் பேரரசின் ஆளுநர் முன்னிலையில் மாக்ஸிமிலியன் என்னும் இருபத்தொரு வயது இளைஞன் நிறுத்தப்பட்டான். படையில் சேர வேண்டும் என்பது ஆணை. தான் கிறித்தவன் என்றும், ஆதலால் படையில் சேர்தல் தனக்கு ஆகாது என்றும் அவன் மறுத்தான். சக்கரவர்த்தியின் மெய்க்காவல் படையிலேயே கிறித்தவர்கள் பணியாற்றுகின்றனரே என்று ஆளுநர் மடக்கினார். அவர்களுக்குத் தக்கது எதுவென்று அவர்கள் அறிவார்கள், தீமை செய்வது தன்னால் இயலாது என்று அவ்விளைஞன் விடையிறுத்தான். அவன் தலை துண்டிக்கப்பட்டது. திருச்சபை அவனைப் புனிதனாகப் போற்றி வருகிறது.

'மற்றவர்கள் செய்கிறார்களே, உனக்கு மட்டும் என்ன?' என்ற அந்த வினாவை வாசகர்கள் நினைவில் இருத்திக் கொள்ள வேண்டுகிறோம். ஆயிரத்து அறுநூற்று நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்னர் அதே வினாவை நாம் மீண்டும் கேட்க இருக்கிறோம்.

நான்காம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி கிறித்தவத்துக்கு ஆதரவளித்தார். நூற்றாண்டின் இறுதிக்குள் அதுவே பேரரசின் சமயமாகவும் ஆயிற்று. முன்னர் அரசால் துன்புறுத்தப்பட்டோர் இப்பொழுது அரசைத் தாங்குவோராயினர். எல்லைகளிலோ பகைவர் நெருக்கினர். வாளைத் தொடேன் என்று ஒரு தனிமனிதன் கூறிவிடலாம். ஒரு பேரரசு கூற இயலுமா? இவ்வினாவுக்கு விடை காண முற்பட்டவர் அகுஸ்தீன் என்னும் பேரறிஞர். அவரும் இன்றைய அல்ஜீரிய மண்ணில் பிறந்தவரே. 'அன்னாபா' என இன்று வழங்கும் ஹிப்போ நகரின் மேற்றிராணியாராக விளங்கிய அவர், அந்நகரை வாண்டல்கள் முற்றுகையிட்டிருந்த வேளையில், கி.பி. 430-இல் உயிர் நீத்தார்.

தன் உயிரைக் காப்பதற்காக ஒரு தனிமனிதன் பிறனைக் கொல்வதை அகுஸ்தீன் விரும்பவில்லை. ஆனால், அநீதியைத் தடுக்கவும் பிறரைக் காக்கவும் ஓர் அரசு போர் புரியலாம் என்றார். வெறுப்பும் பழிவாங்கும் வேட்கையும் ஆதிக்க வெறியுமே போரில் உண்மையான தீமைகள் என்றும் எச்சரித்தார். இத்துடன் அவர் மற்றொன்றையும் கூறி வைத்தார். தீய மன்னனொருவனின் கீழ்ப் பணிபுரியும் நல்ல வீரன், இடப்பட்ட ஆணை இறைவனின் கட்டளைக்கு முரணானது என்று திட்டமாகத் தெரியாத வரையில், அதற்குக் கீழ்ப்படியலாம். பழி மன்னனைச் சாரும், கீழ்ப்படிந்தவன் குற்றமற்றவனாவான். சிறு விதையாக விழுந்த இக்கருத்துப் பின்னாளில் பெருமரமாய்க் கிளைத்தது.

விதிகளும் மீறல்களும்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இப்போதனையை ஒழுங்குபடுத்தினார். போர் அறவழிப்பட்டதாக இருக்க வேண்டுமாயின் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்றார். உரிய அதிகாரம் படைத்தவரே அதனை அறிவித்தல் வேண்டும். நியாயமான காரணம் இருத்தல் வேண்டும். நோக்கம் தூயதாக இருத்தல் வேண்டும். தற்காப்புக் குறித்து, தாக்க வருபவனைத் தடுக்கும் செயலால் அவன் இறக்க நேரிட்டாலும், காப்பவனின் நோக்கம் தன்னுயிர் காத்தலேயன்றிக் கொலையன்று. ஆயினும் தேவைக்கு மிஞ்சிய வலிமையைப் பயன்படுத்தினால் அது குற்றமாகும் என்று வரையறுத்தார்.

ஏட்டில் விதிகள் இவ்வாறிருக்க, நடைமுறை எவ்வாறிருந்தது என்பதை முஸ்லிம் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அக்குவினாஸ் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே, 1095-இல், போப்பாண்டவர் இரண்டாம் அர்பன் சிலுவைப் போருக்கு அறைகூவல் விடுத்துவிட்டார். ஹிஜ்ரி 492, அதாவது கி.பி. 1099 ஜூலை 15-ஆம் நாள், பைத்துல் முகத்தஸ் வீழ்ந்தபொழுது அங்கு ஓடிய குருதியைக் கிறித்தவ வரலாற்றாசிரியர்களே பதிவு செய்து வைத்துள்ளனர். நீதிக்கென்று வகுத்த அளவுகோல் வெற்றிக்குச் சாட்சி சொல்லும் கருவியாக மாறிப்போவதற்கு இதனினும் கொடிய சான்று தேவையில்லை.

ஆயினும், அவ்விருளிலும் ஓர் ஒளிக்கீற்று உண்டு. ஹிஜ்ரி 616-இல் (கி.பி. 1219) ஐந்தாம் சிலுவைப் போர்ப் படையினர் எகிப்தின் திம்யாத் நகரை முற்றுகையிட்டிருந்தனர். அப்பொழுது, இத்தாலி நாட்டு அசிசி நகரைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் என்னும் ஏழைத் துறவி, கையில் ஆயுதம் ஏதுமின்றிப் போர்முனையைக் கடந்து ஸுல்தான் அல்-மலிக் அல்-காமிலின் பாசறையை அடைந்தார். ஸலாஹுத்தீன் ஐயூபியின் தம்பி மகனான அந்த ஸுல்தான், அத்துறவியை வரவேற்று, அவர் கூறியதைச் செவிமடுத்து, ஒரு தீங்குமின்றித் திருப்பி அனுப்பி வைத்தார். சமயத்தால் இருவரும் ஒன்றாகவில்லை. ஆனால், போரின் நடுவிலும் மனிதன் மனிதனுடன் பேச இயலும் என்பதை இருவரும் சேர்ந்தே மெய்ப்பித்தனர்.

பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டினர் அமெரிக்கக் கண்டத்தின் பூர்வ குடிகளை அழித்து வந்த காலை, சலமன்கா பல்கலைக்கழகத்துப் பேராசிரியரான ஃபிரான்சிஸ்கோ டி விட்டோரியா என்னும் துறவி, 1539-இல் ஆற்றிய விரிவுரைகளில் துணிந்து சில உண்மைகளை எடுத்துரைத்தார். சமய வேறுபாடு போருக்கு நியாயமான காரணமாகாது. பேரரசை விரிவாக்கும் ஆசையும் காரணமாகாது என்றார். ஒரு போர் அநீதியானது என்று குடிமகன் ஒருவன் தெளிந்துவிட்டால், அரசன் ஆணையிட்டாலும் அவன் அதில் பங்கு கொள்ளலாகாது என்பதும் அவர் கூறியதே. அரச சபையில் இடம்பெறாத எளிய மக்கள் ஒவ்வொரு போரின் காரணத்தையும் ஆராய்ந்தாக வேண்டும் என்று அவர் வற்புறுத்தவில்லை. ஆனால், அநீதியின் அடையாளங்கள் கண்கூடாகத் தெரியும்பொழுது, அறியாமை என்னும் சாக்கு எளியவனையும் காப்பாற்றாது என்றார். இல்லையேல், கிறித்தவ நம்பிக்கையின்படி, பிலாத்துவின் ஆணையை நிறைவேற்றிய சேவகர்களும் குற்றமற்றவர்களாகி விடுவார்களே என்பது அவருடைய வாதம்.

ஆக, பழியை மன்னனிடம் விட்டுவிட்டுக் கீழ்ப்படிக என்னும் குரலும், தெரிந்தே அநீதிக்குத் துணைபோகாதே என்னும் குரலும் திருச்சபையின் ஒரே போதனைக்குள் அருகருகே வாழ்ந்து வந்தன. இவ்விரண்டில் எது மேலோங்கும்? இவ்வினாவை ஓர் உழவர் தம் தலையைக் கொடுத்துக் கேட்க நேர்ந்தது.

உழவரின் தெளிவு

ஃபிரான்ஸ் 1907 மே 20-ஆம் நாள் பிறந்தார். அவரைப் பெற்ற தந்தை முதல் உலகப் போரில் மாண்டார். தாயை மணந்துகொண்ட யேகர்ஷ்டெட்டர் என்னும் உழவர் அவரைத் தத்தெடுத்து வளர்த்தார். இளமையில் அவர் துறவி மனப்பான்மை உடையவராக இருந்தவரல்லர். ஊரில் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் வாங்கியவர் அவரே என்பர். 1936-இல் ஃபிரான்சிஸ்கா என்னும் பெண்ணை மணந்த பின்னர் இறைப்பற்று அவரிடம் ஆழமாக வேரூன்றியது. ரோஸாலியா, மரியா, அலோய்ஸியா என்ற மூன்று பெண்மக்கள் அவர்களுக்குப் பிறந்தனர்.

வாக்கெடுப்புக்கு முன்னர், 1938 ஜனவரியில், அவர் ஒரு கனவு கண்டார். அழகியதொரு புகைவண்டி மலையைச் சுற்றி வருகிறது. பெரியோரும் சிறாரும் அதனை நோக்கி ஓடுகின்றனர். அவர்களைத் தடுத்து நிறுத்துவார் எவருமில்லை. அவ்வண்டி நரகத்துக்குச் செல்கிறது என்று ஒரு குரல் அவருக்கு உணர்த்துகிறது. அந்த வண்டி நாஜி இயக்கமே என்று அவர் பின்னர் எழுதி வைத்தார். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ஆஸ்திரிய மேற்றிராணியார்கள் இணைப்புக்கு ஆதரவாக அறிக்கை வெளியிட்டதும், அது கோவில்களில் வாசிக்கப்பட்டதும் அவரை மிகவும் வருத்தின. நாஜிகளை எதிர்த்து நின்ற குருமார்களே இல்லை என்று நாம் கூறவில்லை. டாக்கௌ சிறைமுகாமில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கத்தோலிக்கக் குருமார் அடைக்கப்பட்டனர். ஃபிரான்ஸின் ஊர்க் குருவானவரும் தம் பிரசங்கத்துக்காக 1940-இல் அவ்வூரை விட்டு அகற்றப்பட்டார். எனினும், 'இப்போர் அநீதியானது. இதில் சேராதீர்' என்று மேற்றிராணியார் எவரும் தம் மக்களுக்கு வெளிப்படையாகக் கூறவில்லை.

1940-இல் அவர் படைக்கு அழைக்கப்பட்டார், சென்றார், அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை பயிற்சியும் பெற்றார். அக்காலத்திலேதான், அசிசி ஃபிரான்சிஸின் வழியைப் பின்பற்றும் இல்லறத்தார் சபையில் அவர் உறுப்பினரானார். மனநோயாளிகளை நாஜி அரசு கொன்று வருவதும் அக்காலத்திலேயே அவருக்குத் தெரியவந்தது. வேளாண்மைப் பணிக்காக ஊர் திரும்பியவர், இனி அழைத்தால் செல்வதில்லை என்று முடிவு செய்தார்.

ஈண்டு ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். யேகர்ஷ்டெட்டர் போர் அனைத்தையும் மறுத்தவரல்லர். நாட்டைக் காப்பது பாவம் என்று அவர் சொன்னதில்லை. 'இந்தப் போர்' நியாயமானதா என்பதே அவருடைய வினா. ரஷ்யாவின் மீது படையெடுத்தது பொதுவுடைமைக் கொள்கையை எதிர்த்து என்று அரசு பறைசாற்றியது. அவரோ தம் குறிப்பேடுகளில், அந்நாட்டின் இரும்பும் எண்ணெய்க் கிணறுகளும் விளைநிலமும் அன்றோ அங்கு குறிவைக்கப்பட்டன என்று ஐயம் எழுப்பினார். நியாயமான காரணமும் தூய நோக்கமும் வேண்டும் என்று அக்குவினாஸ் வகுத்த அளவுகோலையே அவர் எடுத்து அளந்தார். பல்கலைக்கழகங்களில் பாடமாக இருந்த ஒரு கோட்பாட்டை, ஏர் பிடித்த கை எடுத்து அளந்தபொழுது, அக்கோட்பாட்டைக் கற்பித்தவர்களே திகைத்தனர்.

லின்ஸ் நகருக்குச் சென்று தம் மேற்றிராணியாரான யோசப் ஃபிளீஸரைக் கண்டு அறிவுரை கேட்டார் அவர். ஆட்சியாளரின் செயல்களுக்குத் தனிக் குடிமகன் பொறுப்பாளியல்லன் என்றும், மனைவி மக்களைக் காப்பதே அவருடைய முதற்கடமை என்றும் மேற்றிராணியார் எடுத்துக் கூறினார். அகுஸ்தீன் ஊன்றிய விதை மரமாகி நின்ற காட்சி அது. அவ்வறிவுரையில் அன்பு இல்லை என்று நாம் சொல்ல இயலாது. அச்சமும் இருந்திருக்கக் கூடும். ஆனால், விட்டோரியாவின் குரல் அந்த அறையில் ஒலிக்கவில்லை.

மனைவியின் சோதனை

குடும்பத்தைக் காப்பது கடமையன்றோ என்ற வினா நம் வாசகர் உள்ளங்களிலும் எழாமலிராது. மூன்று பெண் குழந்தைகள், முதிய தாய், உழவை நம்பிய வீடு. தாம் மடிந்தால் இவர்கள் கதி என்ன? இவ்வினாவை யேகர்ஷ்டெட்டர் அலட்சியப்படுத்தவில்லை. குடும்பத்தின் பொருட்டு இறைவனுக்கு மாறு செய்வது குடும்பத்துக்கே இழைக்கும் தீங்கு என்பது அவர் கண்ட முடிவு. ஃபிரான்சிஸ்கா முதலில் கணவரின் மனத்தை மாற்ற முயன்றார். பின்னர், தாமும் கைவிட்டால் அவருக்கு உலகில் ஒருவருமே இல்லை என்பதை உணர்ந்து, அவர் பக்கம் நின்றார். பின்னாளில் ஊரார் பழியை அதிகமாகச் சுமந்தவரும் அவரே.

1943 பிப்ரவரியில் மீண்டும் அழைப்பு வந்தது. மார்ச் முதல் நாள் என்ஸ் நகரப் படைமுகாமுக்குத் தாமாகவே சென்று, போரிட மாட்டேன் என்பதைத் தெரிவித்தார். காயமுற்றோருக்கு மருத்துவப் பணி செய்ய இசைவதாகவும் கூறினார். அது ஏற்கப்படவில்லை. லின்ஸ் சிறையில் இரு திங்கள் கழித்த பின்னர், மே மாதம் பெர்லினுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே அவருக்காக வாதாட நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் அவரைக் காப்பாற்றும் நல்லெண்ணத்துடன், இலட்சக்கணக்கான கத்தோலிக்கர்களும் குருமார்களுங்கூட மனச்சான்றுக்கு ஊறின்றிப் படையில் பணிபுரிகின்றனரே என்று கேட்டார். போரில் சேராதே என்று எந்த மேற்றிராணியாராவது சொன்னதுண்டா என்றும் வினவினார். தபஸ்ஸா நகரின் ஆளுநர் கேட்ட அதே வினா! அப்படி ஒருவரையும் யேகர்ஷ்டெட்டரால் எடுத்துக்காட்ட முடியவில்லை. அவர்களுக்கு அந்த அருள் அளிக்கப்படவில்லை என்பதே அவர் விடையாக இருந்தது. அவர் பிறரைப் பழித்தாரில்லை. தம்மை உயர்த்திக் கொண்டாருமில்லை.

ஜூலை 6-ஆம் நாள், படையின் மனவுறுதியைக் குலைத்த குற்றத்துக்காக அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதன்பின் ஒருமுறை ஃபிரான்சிஸ்கா பெர்லினுக்குப் பயணம் செய்து கணவரைச் சிறிது நேரம் கண்டார். தமக்கு முன்னோடியாக ஃபிரான்ஸ் ரைனிஷ் என்னும் குருவானவர் ஹிட்லருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து, 1942-இல் அதே முறையில் மடிந்தார் என்பதைச் சிறைக் குருவானவர் வாயிலாக அறிந்தபொழுது, யேகர்ஷ்டெட்டர் பெரிதும் ஆறுதலடைந்தார். 1943 ஆகஸ்டு 9-ஆம் நாள் பிராண்டன்பர்க் சிறையில் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தாறு. மூத்த மகளுக்கு ஆறு வயது நிரம்பவில்லை.

காலம் எழுதிய தீர்ப்பு

போர் முடிந்தது, ஹிட்லரும் ஒழிந்தான். ஆயினும், உழவருக்கு உடனே நீதி கிடைத்துவிடவில்லை. 1946-இல் அவரைப் பற்றிய கட்டுரையொன்றைத் தம் மறைமாவட்ட ஏட்டில் வெளியிட மேற்றிராணியார் ஃபிளீஸர் இசையவில்லை. கடமையைச் செய்து களத்தில் மாண்ட இளைஞர்களே பெரிய வீரர்கள் என்பது அவர் கருத்து. போரில் உயிர் நீத்தோரின் கைம்பெண்களுக்கு வழங்கிய உதவித்தொகை ஃபிரான்சிஸ்காவுக்கு முதலில் மறுக்கப்பட்டு, 1950-இல்தான் வழங்கப்பட்டது. அவ்வூரில் பல வீடுகள் போரில் மகன்களை இழந்திருந்தன. யேகர்ஷ்டெட்டர் செய்தது சரியென்றால், தம் பிள்ளைகள் எதற்காக மாண்டனர் என்ற வினா அந்த வீடுகளின் கதவைத் தட்டுமன்றோ? அந்த வேதனையையும் நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது.

1956-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் செய்தியில் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு தற்காப்புக்காகப் போர் ஆயத்தம் செய்யும்பொழுது, கத்தோலிக்கக் குடிமகன் தன் மனச்சான்றைக் காட்டிப் படைப்பணியை மறுக்க இயலாது என்றே கூறினார். ஒன்பதே ஆண்டுகளில் நிலைமை மாறியது. இம்மாற்றத்தில் இந்தியாவுடன் தொடர்புடைய ஒருவருக்கும் பங்குண்டு. பம்பாயின் பேராயராக இருந்து, இந்தியர் ஒருவர் அப்பதவியில் அமர வேண்டும் என்பதற்காக 1950-இல் விலகிக்கொண்ட தாமஸ் ராபர்ட்ஸ் என்னும் ஆங்கிலேயரே அவர். கார்டன் ஸான் என்னும் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் 1964-இல் யேகர்ஷ்டெட்டரின் வரலாற்றை நூலாக வெளியிட்டிருந்தார். அதனை அறிந்த ராபர்ட்ஸ், இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தின் முன் அவ்வுழவரின் கதையை எடுத்துவைத்து, மனச்சான்றின்படி போரை மறுப்போருக்காக வழக்காடினார்.

1965 டிசம்பர் 7-ஆம் நாள் அச்சங்கம் வெளியிட்ட ஆவணம், அமைதி வழிகள் யாவும் தீர்ந்த நிலையில் அரசுகளுக்குத் தற்காப்பு உரிமை உண்டு என்பதை ஒப்புக்கொண்டது. நகரங்களை மக்களோடு அழிக்கும் போர்முறையை இறைவனுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று கண்டித்தது. இனப்படுகொலை போன்ற ஆணைகளுக்குக் கீழ்ப்படிந்தோரைக் குருட்டுக் கீழ்ப்படிதல் காப்பாற்றாது என்றும், அத்தகைய ஆணைகளை எதிர்த்து நிற்போர் பெரும் புகழுக்குரியோர் என்றும் கூறியது. மனச்சான்றின் காரணமாக ஆயுதம் ஏந்த மறுப்போர், வேறு வகையில் சமுதாயத்துக்குப் பணிசெய்ய இசைவாராயின், சட்டங்கள் அவர்களைக் கனிவுடன் நடத்த வேண்டும் என்றது. அவ்வுழவர் சிறையில் கேட்டதும் அதுவேயன்றோ?

1997-இல் பெர்லின் நீதிமன்றம் ஒன்று அவர் மீதான தீர்ப்பை நீக்கியது. 2007 அக்டோபர் 26-ஆம் நாள், முன்னர் மேற்றிராணியார் அவருக்கு மறுப்புரை வழங்கிய அதே லின்ஸ் நகரில், திருச்சபை அவரை முக்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. தொண்ணூற்று நான்கு வயது ஃபிரான்சிஸ்கா அவ்விழாவில் வீற்றிருந்தார். 2013-இல், நூறு வயது நிறைந்த பின்னர், அவர் மறைந்தார்.

வினா முடிந்துவிட்டதா என்றால், இல்லை. 1992-இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல் தற்காப்புப் போருக்குக் கடுமையான நிபந்தனைகளை விதிக்கிறது. விளைந்த தீங்கு கடியதாகவும் நிலைத்ததாகவும் உறுதியானதாகவும் இருத்தல் வேண்டும்; பிற வழிகள் யாவும் பயனற்றுப் போயிருத்தல் வேண்டும்; வெற்றிக்கு வாய்ப்பிருத்தல் வேண்டும்; தடுக்கும் தீமையைவிடப் பெருந்தீமை விளையாதிருத்தல் வேண்டும். ஆனால், இவை நிறைவேறினவா என்று தீர்மானிக்கும் பொறுப்பை அந்நூலும் ஆட்சியாளரிடமே ஒப்படைக்கிறது. 2020 அக்டோபரில் போப்பாண்டவர் ஃபிரான்சிஸ், அசிசித் துறவியின் கல்லறையருகே கையெழுத்திட்ட சுற்றுமடலில், திம்யாதில் நிகழ்ந்த அந்தச் சந்திப்பை நினைவுகூர்ந்தார். முற்காலத்து அளவுகோல்களைக் கொண்டு 'அறப்போர்' என்று ஒன்றைப் பற்றிப் பேசுவது இக்காலத்தில் மிகவும் அரிது என்றும் எழுதினார். அம்மடலுக்கு ஊக்கமளித்தவர்களுள் ஒருவராக அல்-அஸ்ஹரின் தலைமை இமாம் அஹ்மத் அத்தய்யிபை அவர் பெயர் சுட்டிக் குறிப்பிட்டிருக்கிறார்.

எந்தச் சமயமாயினும், எந்த நாடாயினும், போர் நியாயமானது என்று சொல்ல அரசர்களுக்கு அறிஞர்கள் கிடைக்காமற் போனதில்லை. விதிகளை வகுப்பது அறிஞர் கடமை. அவ்விதிகளை அரசன் மீறும்பொழுது அதைக் கண்டுகொள்ளும் கண் எளியவனுக்கும் உண்டு. மறுமையில் விடையளிக்க வேண்டியவன் ஒவ்வொரு மனிதனுமாக இருக்க, பழியை ஆணையிட்டவனின் தோள்மீது முழுவதுமாக இறக்கி வைத்துவிட இயலுமா? ராடெகுண்ட் ஊரார் கணக்கிலிருந்து விலக்கிய அந்த ஒற்றை வாக்கு, இவ்வினாவை நம்மிடமும் கேட்டுக்கொண்டேயிருக்கிறது.